வலது பொத்தான்

ஜூன் 3, செவ்வாய்

என் சைக்கிள் சக்கரத்தின் ஹப்பை எனக்குத் தெரியாமல் யாரோ திறந்திருக்கிறார்கள். இதுதான் நடந்த அநியாயம். இதை முதலில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஊர் முழுக்க "வயசானவர், தடுமாறி விழுந்துட்டார்" என்று பேசி முடித்துவிடுவார்கள். நான் தடுமாறவில்லை. விழ வைக்கப்பட்டேன்.

பின்னால் யாராவது படித்தால் புரியட்டும் என்று விவரமாக எழுதுகிறேன். என்னுடையது ஒற்றைச் சக்கர சைக்கிள். செயின் கிடையாது, பிரேக் கிடையாது, கைப்பிடி கிடையாது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள்ளேயே இரண்டு கியர். கீழ்க் கியரில் பெடல் ஒரு சுற்று என்றால் சக்கரமும் ஒரு சுற்று. மேல் கியரில் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒன்றரைச் சுற்று. மாற்றுவதற்குக் கம்பி, லீவர் எதுவும் இல்லை. இரண்டு பக்கமும், பெடல் மாட்டியிருக்கும் தண்டான கிராங்க் அச்சில் சேரும் இடத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பொத்தான். ஓட்டிக்கொண்டே குதிகாலால் வலது பொத்தானைத் தட்டினால் மேல் கியர், இடது பொத்தானைத் தட்டினால் கீழ்க் கியர். எத்தனை முறை விழுந்து இதைக் கற்றேன் என்று எனக்குத்தான் தெரியும். சொல்லிக்கொடுக்க ஒருத்தரும் இல்லை.

ஞாயிறு காலை அணைக்கட்டுச் சாலை. சமதளம் வந்தது, வலது பொத்தானைத் தட்டினேன். 'டக்' என்று விழ வேண்டிய இடத்தில் ஏதோ முனகல் போல ஒரு சத்தம். அடுத்த நொடி பெடல் வெறுங்காற்றில் சுற்றியது. கியர் இரண்டுக்கும் நடுவில், எதிலும் ஒட்டாமல் நின்றுவிட்டது. நான் தரையில். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு.

இன்று சக்கரத்தைப் பார்த்தேன். நான் எல்லாத் திருகாணியிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைப்பவன். திருகாணி அசைந்தால் கோடு உடையும். வலது பொத்தானின் கோடு உடைந்திருக்கிறது. ஒற்றைக் கையால் கழற்றி எண்ணினேன். ஒன்றரைச் சுற்று உள்ளே தள்ளப்பட்டிருக்கிறது. பொத்தான் உள்ளே போவதற்கு இடைவெளி வேண்டும். அதைக் குறைத்தால் பொத்தான் கிராங்கில் முட்டி நிற்கும், உள்ளே கியர் பாதி வழிதான் போகும். ஒன்றரைச் சுற்று தானாகத் திரும்பாது. ஒரு கை வேண்டும், திருகாணி முடுக்கும் ஒரு ஆலன் கீ வேண்டும்.

நான் எண்ணும்போது சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது இவள்தான், என் மனைவி. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. நாற்பது வருஷமாகத் தையல் மெஷினைத் தவிர வேறு இயந்திரத்தைத் தொடாதவள். என் கட்டைப் பார்த்துப் பயந்திருப்பாள்.

ஜூன் 4, புதன்

வலி. தூக்கமில்லை. ஒன்றரைச் சுற்று.

ஜூன் 5, வியாழன்

என்னைத் தவிர அந்தச் சக்கரத்தைத் தொட்டவன் ஒரே ஒருவன். கம்பி. சைக்கிள் ரிப்பேர் கடைக்காரன், எங்கள் ஞாயிறு சைக்கிள் ஓட்டக் குழுவுக்கு மெக்கானிக். ஸ்போக் கம்பியில் அவன் கைக்கு இணையில்லை என்பதால் அந்தப் பெயர். போன வாரம் சக்கரத்தில் கோட்டம் எடுக்க அவனிடம் இரண்டு நாள் விட்டிருந்தேன். ஹப் பக்கமே போகாதே என்று சொல்லித்தான் விட்டேன்.

கைக்கட்டோடு கடைக்குப் போனேன்.

"வாங்கண்ணே. ஐயோ, என்ன கை இப்படி வீங்கியிருக்கு?"

"வலது பொத்தானை எதுக்குத் தொட்டே?"

"எந்தப் பொத்தான்?"

"நடிக்காதே. ஒன்றரைச் சுற்று உள்ளே போயிருக்கு."

ஒரு பழைய டயரைக் கையில் எடுத்து, திருப்பி, கீழே வைத்தான். பிறகு, "நான் தொடலைண்ணே" என்றான். பதினொரு வருஷப் பழக்கம். என் கண்ணைப் பார்க்காமல் சொன்னான்.

கம்பியா? கம்பியா பொய் சொல்கிறான்?

ஜூன் 6, வெள்ளி

குழுவின் செயலாளரான பல் டாக்டருக்குக் கடிதம் எழுதி அனுப்பினேன். உரிமையாளர் அனுமதி இல்லாமல் ஹப்பைத் திறந்தது, அதை மறைத்தது, ஒரு உறுப்பினரின் எலும்பு முறியக் காரணமானது. இனி இவர் குழுவின் மெக்கானிக்காக இருக்கக் கூடாது. நகல் உறுப்பினர்கள் பதினொரு பேருக்கும்.

மத்தியானம் இவள் கேட்டாள்: "அந்தக் கடுதாசி... அனுப்பித்தான் ஆகணுமா?"

"அனுப்பியாச்சு."

"பதினொரு பேருக்குமா?"

"பதினொரு பேருக்கும்."

மெஷினில் உட்கார்ந்தாள். ஒரே தையலைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூன் 8, ஞாயிறு

பல் டாக்டரின் மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் கூட்டம். சுவரில் பெரிய பல் படம், அதன் கீழே நாங்கள் வரிசையாக. டாக்டர் என் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். கம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆமா. நான்தான் தொட்டேன்."

என் காதை நானே நம்பவில்லை. மூன்று நாள் முன்னால் இல்லை என்றவன்! ஜெயித்தேன் என்றுதான் இருக்க வேண்டும். ஆனால் அப்படித் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அவன் என்னவோ சொன்னான், டாக்டர் எழுதிக்கொண்டார், ஒன்றும் என் காதில் ஏறவில்லை. அவனை நீக்குவதாக முடிவாயிற்று. கைதூக்கியவர்கள் ஒன்பது பேர். போகும்போது வாசலில் என் செருப்பை எடுத்து நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் போனான், கட்டுப்போட்ட கையோடு குனிய முடியாதே என்று.

இதை ஏன் செய்தான்?

ஜூன் 11, புதன்

டாக்டரின் கூட்டக் குறிப்பு வந்தது. மூன்று முறை படித்தேன். "இடது பொத்தானைத் தவறுதலாக உள்ளே திருகிவிட்டதாக மெக்கானிக் ஒப்புக்கொண்டார்."

இடது!

இடது பொத்தானில் என் கோடு உடையவே இல்லை. இப்போதும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முழுசாக, ரத்தச் சிவப்பாக இருக்கிறது. தப்பு செய்தவனுக்கு எந்தப் பக்கம் செய்தோம் என்று தெரியாதா? செய்யாதவனுக்குத்தான் தெரியாது.

செய்யாததை எதற்காக ஒருவன் ஒப்புக்கொள்கிறான்?

ஜூன் 12, வியாழன்

சீட்டையும் சோதித்தேன். சீட்டுக் குழாயில் புதிய கீறல்கள், நான் வைத்திருக்கும் அளவிலிருந்து நாலு விரல் இறக்கினால் பிடி இறுகும் இடத்தில். யாரோ சீட்டை இறக்கி உட்கார்ந்து, பிறகு என் அளவுக்கே ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு முறை இல்லை. பல முறை. கம்பி என்னைவிட ஒரு சாண் உயரம். அவன் ஏன் இறக்கப் போகிறான்?

ஆக, என் சக்கரத்தில் வேறு யாரோ ஏறி இருக்கிறார்கள். என் வீட்டில் வைத்த சக்கரத்தில்.

ஜூன் 13, வெள்ளி

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே வாகன நிறுத்தத்துக்குப் போனேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் எழுந்து, "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றான்.

நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

ஜூன் 14, சனி



சாப்பிடும்போது பொதுவாகத்தான் சொன்னேன். கம்பி செய்யவில்லை, வேறு யாரோ, கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் என்றேன். இவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"நான்தாங்க."

"என்ன நீ?"

"அந்தப் பொத்தானை உள்ளே திருகினது. நான்தான்."

"எதுக்கு?"

"கால்ல இடிச்சுச்சு."

"யார் கால்ல?"

"என் கால்லதான். வேற யார் கால்ல?"

எனக்குப் புரியவே இல்லை. சத்தியமாகப் புரியவில்லை. சைக்கிள் தரையில் கிடக்கும்போது காலில் தடுக்கிற்று போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். "வீடு துடைக்கும்போதா?" என்று கேட்டேன்.

"ஓட்டும்போது."

அதற்குப் பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பிப்ரவரியிலிருந்து. செவ்வாயும் வியாழனும் நான் குடிநீர் வாரிய ஓய்வூதியர் சங்கத்துக்குப் போகும் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை. கீழே வாகன நிறுத்தத்தில், தூணைப் பிடித்துக்கொண்டு. முதல் மாதம் கம்பி வந்து பிடித்துக்கொண்டானாம். புதிதாக ஓட்டுகிறவர்களுக்குக் கணுக்கால் உள்ளே சாயும். வலது கால் தெரியாமல் பொத்தானில் பட்டுப் பட்டு மேல் கியர் விழுந்து அவளைத் தூக்கிப் போட்டிருக்கிறது. மே மாதம் கடைசியில் ஒரு நாள், கம்பி இல்லாத நேரம், என் ஆலன் கீயை எடுத்து அவளே பொத்தானை உள்ளே தள்ளியிருக்கிறாள். தையல் மெஷினில் இடிக்கும் திருகாணியை உள்ளே தள்ளுவது போல. அப்படித் தள்ளினால் நான் மேல் கியருக்கு மாற்றும்போது அது பாதியில் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியாது. ஞாயிறு நான் போவதற்குள் திருப்பி வைக்க மறந்துவிட்டாளாம்.

"விழுந்த அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"வாயெடுத்தேன். நீங்க அதுக்குள்ள கம்பின்னு தீர்ப்பு எழுதிட்டீங்க. அப்புறம் பதினொரு பேருக்கு நகல். நான் கம்பிகிட்ட போய் அழுதேன். 'அண்ணி, நீங்க சும்மா இருங்க, அண்ணன் கோவம் பத்து நாள், நான் தாங்கிக்கிறேன்'னு சொல்லிட்டார்."

"எங்கிட்ட ஏன் மறைச்சே? கத்துக்கணும்னா கேட்டிருக்கலாமே!"

"கேட்டேன்."

"எப்போ?"

"கேட்டேங்க. 'உனக்கு இதெல்லாம் வராது'ன்னு சொன்னீங்க. சிரிச்சீங்க."

நான் சொல்லவில்லை. அப்படி ஒருநாளும் சொல்லவில்லை. நானா சொன்னேன்? இவள் கனவு கண்டிருக்கிறாள்.

ஜூன் 15, ஞாயிறு

நம்பவில்லை என்றேன். ஓட்டிக் காட்டு என்றேன். "உங்களுக்குக் காட்டுறதுக்காக நான் கத்துக்கலை" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

வாட்ச்மேனைப் பிடித்தேன். "சார், என்னை மாட்டிவிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே போனில் ஒரு வீடியோ காட்டினான். இந்தக் கட்டடத்தில் எல்லார் போனிலும் இருக்கிறதாம். மூன்றாவது மாடிக்காரர்கள் கை தட்டும் சத்தம்கூட அதில் கேட்கிறது. நான் ஒருவன்தான் பார்க்காதவன்.

இவள். என் மனைவி. புடவையைத் தூக்கிச் செருகி உள்ளே என் பழைய டிராக் பேண்ட். அறுபத்தொரு வயது. தூணை விடுகிறாள். இரண்டு கையும் பறவை மாதிரி விரிந்திருக்கிறது. அடுத்த தூண். அதற்கு அடுத்தது. ஏழு தூண்! ஏழாவதில் இறங்கவில்லை, தாண்டிப் போகிறாள், படத்தை விட்டே வெளியே போகிறாள்.

நான்கு முறை போடச் சொன்னேன். அவள் சக்கரத்தைப் பார்க்கவில்லை. தூரத்தைப் பார்க்கிறாள். சக்கரத்தைப் பார்க்காமல் இருக்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

ஜூன் 16, திங்கள்

பழைய நாட்குறிப்புகளை இறக்கினேன். அவள் சொன்னது பொய் என்று காட்டத்தான். நான் எல்லாவற்றையும் எழுதி வைப்பவன், எழுதாதது நடக்கவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய நோட்டில், அக்டோபர் மாதத்தில், என் கையெழுத்து:

"இவள் ஏறிப் பார்க்கவா என்று கேட்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. உனக்கு இதெல்லாம் வராது என்றேன். மதியம் ஹப்புக்குக் கிரீஸ் விட்டேன்."

அதற்குக் கீழே கிரீஸைப் பற்றிப் பதினான்கு வரி. எந்தக் கிரீஸ், எத்தனை முறை அழுத்தினேன், அச்சின் ஓரத்தில் எவ்வளவு கசிந்தது, சத்தம் எப்படிக் குறைந்தது. அவளைப் பற்றி அந்த வருஷம் முழுக்க வேறு வரி இல்லை. தேடினேன். இல்லை.



ஜூன் 18, புதன்

கம்பியின் கடை. வழக்கமாக வாசல் வரை சைக்கிள்கள் சாய்ந்திருக்கும், ஆள் ஒதுங்கித்தான் உள்ளே போக முடியும். இன்று நேராக நடந்து போனேன். அவன் வெறும் ஸ்டாண்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இடது பொத்தான்னு ஏன்டா சொன்னே?"

நிமிர்ந்து பார்த்தான். விஷயம் தெரிந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எதுன்னு அண்ணி சொல்லலை. ரெண்டுல ஒண்ணு. குத்துமதிப்பா அடிச்சேன்."

"கோட்டம் ஒரு மயிரிழைகூட விடாதவன், பொய்யை மட்டும் குத்துமதிப்பாச் சொல்றியா? நான் அன்னைக்குக் கடைக்கு வந்து கேட்டப்போ 'வலது'ன்னு சொன்னேனேடா!"

"சொன்னீங்க. நீங்க கத்தின கத்துல எது காதுல விழுந்துச்சு?"

நான் சிரித்திருப்பேன். அவன் சிரிக்கவில்லை.

"அண்ணே, பத்து நாள்ல சரியாப் போயிடும்னு நெனச்சேன். போகலை. ஹப்பைத் திறந்து ஆளை விழவெச்சவன்கிட்ட யார் சைக்கிளை விடுவா? எம்மேலயும் தப்பு இருக்கு, நான் வாயை மூடிட்டு நின்னேன். ஆனா நீங்க எழுதினதைப் பதினொரு பேர் படிச்சாங்க. வாபஸ் வாங்கறதையும் பதினொரு பேர் கேக்கணும். எங்கிட்ட தனியா வந்து சொல்லி என்ன ஆகப்போகுது?"

"தனியாச் சொல்ல நான் வரலை."

பொய். அதற்காகத்தான் போனேன்.

ஜூன் 20, வெள்ளி

வாபஸ் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன். "வீட்டில் நேர்ந்த ஒரு சிறு பிழையால்" என்று ஐந்தாவது. இவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். இத்தனை நாளில் முதல் முறையாக என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வீட்டிலன்னா? நம்ம வீட்டுப் பல்லியா திருகுச்சு? நான்னு எழுதுங்க."

"பதினொரு பேர் முன்னாடி உன்னையா..."

"நான் திருகினேன்னு சொல்லுங்க. எதுக்குத் திருகினேன்னும் சொல்லுங்க. ஓட்டக் கத்துக்கிட்டேன்னு சொல்லுங்க. அதை விட்டுட்டு மத்ததைச் சொன்னீங்கன்னா நானே வந்து நிப்பேன்."

நான் எழுதிய கடிதத்தில் இன்னொருவர் கைவைக்க விட்டதில்லை. பேனாவை அவளிடம் கொடுத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

அணைக்கட்டுச் சாலை ஆரம்பத்தில், எல்லாரும் டயருக்குக் காற்று பார்க்கும் நேரம். டாக்டர் அமைதியாக இருக்கச் சொன்னார். படித்தேன். "என் மனைவி ஒற்றைச் சக்கரம் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார்" என்ற இடத்தில் யாரோ விசிலடித்தார்கள். யார் என்று நான் பார்க்கவில்லை. "நான் கூறிய குற்றச்சாட்டு தவறானது. அதை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன்" என்பதை அவசரமாகப் படித்துவிட்டேன். நிறுத்தி, அந்த வரியை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

கம்பி கடைசியில் நின்றான். கூட்டம் கலைந்த பிறகு யாரோ அவனிடம், "என் பெடல் கொஞ்சம் ஆடுது, பாக்கறீங்களா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

அனுமதி இல்லாமல் ஹப்பைத் தொட்டது தப்புதான். அதில் நான் இன்னும் மாறவில்லை. இவளிடமும் சொல்லிவிட்டேன்.

"சரி. அனுமதி குடுங்க" என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

செய்ய வேண்டியவை:

டாக்டர்: கூட்டக் குறிப்பில் "இடது பொத்தான்" என்று தொடங்கும் வரியை அடித்துத் திருத்தி, நீக்கிய முடிவை ரத்து செய்து, பதினொரு பேருக்கும் நகல் அனுப்ப வேண்டும். வெள்ளிக்குள். அனுப்பாவிட்டால் நான் நேரில் போய் அந்தப் பல் படத்தின் கீழே உட்கார்ந்துவிடுவேன்.

கம்பி: ஞாயிறு ஓட்டத்துக்குத் தன் கருவிப் பையோடு வர வேண்டும். அதற்கு முன் நம் வீட்டுக்கு. என் சைக்கிளின் கோட்டத்தை அவன்தான் பார்க்க வேண்டும், வேறு யாரும் கூடாது. இனி யாருக்காகவும் பொய் சொல்லக் கூடாது. சொல்வதாயிருந்தால் பக்கத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

வாட்ச்மேன்: அந்த வீடியோவை எனக்கும் அனுப்ப வேண்டும்.

அவள்: ஆலன் கீயைப் பயன்படுத்திய பிறகு இருந்த இடத்தில் வைக்க வேண்டும். திருகாணியைத் தொட்டால் பழைய கோட்டைத் துடைத்து, புதுக் கோடு போட வேண்டும். வேறு நிறத்தில் போடலாம், நிறம் அவள் விருப்பம்.

அவளும் நானும்: வலது பொத்தானை அரைகுறையாக உள்ளே தள்ளுவதற்குப் பதில் முழுசாகக் கழற்றி எடுத்துவிடுவது. அது இல்லாவிட்டால் மேல் கியர் தெரியாமல் விழவே விழாது. கழற்றுவது அவள். சக்கரத்தைப் பிடித்துக்கொள்வது நான். இன்று காலையே. பொத்தான் அவளுடைய ஊசிப் பெட்டியில் இருக்கும். எப்போது திரும்பப் போடுவது என்பதை அவள் சொல்வாள்.

நான்: சீட்டை நாலு விரல் இறக்கி அப்படியே விட வேண்டும். கட்டு அவிழ்த்தாலும் ஏற்றக் கூடாது. எனக்கு இன்னொரு சீட்டுக் குழாய் கம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

நான்: ஓய்வூதியர் சங்கத்துக்கு இனி செவ்வாயும் வியாழனும் வர முடியாது என்று எழுத வேண்டும். காரணம் கேட்டால் சொல்ல வேண்டும்.

நான்: மூன்று மணிக்குக் கீழே போக வேண்டும். ஏழாவது தூணுக்கு அப்பால் நிற்க வேண்டும். கைகொடுக்கக் கூடாது, சொல்லிக்கொடுக்கக் கூடாது, விழுந்தால்கூட அவள் கூப்பிடாமல் ஓடக் கூடாது. அவள் போட்ட நிபந்தனை. ஒப்புக்கொண்டுவிட்டேன்.